ருசி பார்க்காத குழம்பு

பதினொரு மணி ஆகியிருந்தது, இல்லை, ஆகப்போகிறது. சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிசம் முந்தி ஓடுகிறதா பிந்தி ஓடுகிறதா என்பது தவசிலிங்கத்துக்குப் பிடிபடவே இல்லை, பேச்சி இருந்தவரைக்கும் அந்தச் சங்கதி அவள் பொறுப்பு. சமையல் மேடை மேல் ஸ்லோ குக்கர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதுதான் அவருக்கு ஆகவில்லை. அடுப்பு என்றால் எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டாமா. விசில் அடிக்கும், தளதளவென்று கொதிக்கும், பொங்கி வழிந்து சீறும், வந்து என்னைக் கவனி என்று ஆளைக் கூப்பிடும். இது பீங்கான் சட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடி மூடியைப் போட்டுக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தியம்மா மாதிரி வாயைத் திறக்காமல் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஆக்குகிற சட்டி, மிஞ்சினால் ரெண்டு ஆள். காலை ஏழு மணிக்கு உள்ளே போன கறி. மூடியின் உள்பக்கம் வேர்த்து, சொட்டோடு சொட்டு சேர்ந்து கோடாய் இறங்கி, அந்தக் கோட்டு வழியாகப் பார்த்தால் பழுப்பாய் என்னவோ அசைகிறது, குழம்புதான், வேறென்ன இருக்கப் போகிறது, ஆனால் அதில் உப்பு இருக்கிறதா. போட்டேன். எப்போது போட்டேன். கறிக்கு முந்தியா பிந்தியா. போட்டதாக நினைக்கும்போது கை அள்ளுவது தெரிகிறது, கை விரிவது தெரியவில்லை. மூடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டால் தீர்ந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். திறக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள், நாக்கில் வைக்கக் கூடாது என்று பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். ஒருத்தி திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். இன்னொருத்தி போய் இன்றைக்கு ஒரு வருசம், அவளுக்குப் படைக்கத்தான் இந்தக் குழம்பே.

நேற்று கோவில் தெப்பக்குளத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று, அது ஊருக்கும் ஐயருக்கும். இன்று பேச்சிக்கு. அவளுக்குப் பிடித்தது எலும்புக்கறிக் குழம்பு, நெஞ்செலும்பு, சின்ன வெங்காயத்தை உரிச்ச மாதிரியே முழுசாகப் போட்டு. இதைச் சரியாக ஆக்கிவிட்டால் அவர் ராஜபாளையத்தில் இந்த மாடி வீட்டிலேயே இருக்கலாம். ஆக்கவில்லை என்றால் திருப்பூர், மகள் வீடு. சந்தனமாரி அப்படி வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லவில்லை, பெற்ற பிள்ளை எப்படிச் சொல்லும். போன வாரம் போனில், "அம்மாவுக்கு நீங்களே ஆக்கிப் படைங்கப்பா, நான் வந்து பாக்குறேன், எப்படி இருக்கீங்கன்னும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள், அதில் அந்தப் பார்க்கிற சொல் ரெண்டாம் தடவை வரும்போது குரல் கொஞ்சம் இறங்கியது, இருபத்தெட்டு வருசம் கண்டக்டராக இருந்தவருக்கு, டிக்கெட் எடுக்காதவன் எடுத்தாச்சு என்று சொல்லும்போது எங்கே குரல் இறங்கும் என்று தெரியாதா. அவள்மேல் தப்பில்லை. மூன்று பாத்திரம் தீய்ந்தது உண்மை. முதலில் பால் சட்டி, அது யாருக்கும் நடக்கிறது. ரெண்டாவது பருப்பு. மூன்றாவது தடவை என்ன வைத்தேன் என்பதே ஞாபகமில்லாமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டார், கீழ் வீட்டு ஜெபமணி டீச்சர்தான் புகையைப் பார்த்து தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியோடு ஏறி வந்து அணைத்தாள், அணைத்த கையோடு திருப்பூருக்கும் போன் போட்டாள். சந்தனம் மறுநாளே வந்து சிலிண்டரைக் கழற்றி டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு, இந்தச் சாமானை இறக்கி, திருகுக்குப் பக்கத்தில் குறைவு, கூடுதல், சும்மா சூடு என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டு, "இதுல நீங்க மறந்தாலும் தீயாதுப்பா" என்றாள். மூடியை மட்டும் அடிக்கடி திறக்காதீங்க, ஒரு தடவை திறந்தா அரை மணி நேரம் வேக்காடு போயிரும் என்றாள். சரிதான். தீயவில்லை. எட்டு மாசமாக ஒன்றும் தீயவில்லை. தீயாத சட்டிக்குள் எதைப் போட்டோம் எதைப் போடவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ள யார் சாமான் விற்கிறார்கள்.

காலையிலிருந்து ஒழுங்காக வருவோம் என்று அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தேன். குளித்தேன். குளித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குள் வந்தேன், படைப்புக்கு ஆக்குகிறதால். வெங்காயம் நேற்று சாயங்காலமே உரித்து வைத்தது. கறியைக் கழுவி, மஞ்சள் தடவி, சட்டியில் போட்டது தெரிகிறது, கறி குளிர்ச்சியாக இருந்ததும் விரல் விறைத்ததும் தெரிகிறது. வெங்காயம், தக்காளி. டீச்சர் அரைத்துக் கொடுத்த மசாலா, டப்பாவில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றி அலசி ஊற்றியது. அப்புறம் உப்பு ஜாடியைத் திறந்தது. கல்லுப்பு, கை நிறைய இல்லை, முக்கால் கை. அந்த நேரம் பார்த்து, "அண்ணாச்சி, தண்ணி வந்திருச்சு, மோட்டாரைப் போடுங்க, நான் ஜெபத்துல இருக்கேன்" என்று கீழேயிருந்து டீச்சர். நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், விட்டால் போச்சு. இறங்கினார். மோட்டார் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில். போட்டார். ஏறினார். மூடியைப் போட்டார், திருகைக் கூடுதலில் வைத்தார், சுவர் சுவிட்சைத் தட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது, விளக்கு எரிந்ததில் சந்தேகமே இல்லை, இப்போதும் எரிகிறது. நடுவில்தான் ஒரு ஓட்டை. இறங்குவதற்கு முந்தி கையில் உப்பு இருந்தது. ஏறி வந்தபோது கையில் உப்பு இல்லை. இல்லாத உப்பு எங்கே போனது. சட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கினேனா, கையோடு கொண்டு இறங்கினேனா. கொண்டு இறங்கியிருந்தால் ஏறி வந்து புதிதாக ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம், போட்டுவிட்டு இறங்கியிருந்தாலும் ஏறி வந்து, ஐயோ போடவில்லையே என்று இன்னொரு கை போட்டிருக்கலாம். அப்போது ரெண்டு. இல்லாவிட்டால் ஒன்று. இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே மாதிரி உண்மையாகத் தெரிந்தது. மூன்று தவசிலிங்கம் வரிசையாக நின்று மூன்று பேரும் சத்தியம் பண்ணுகிறார்கள்.

எழுந்து ஜாடியைப் பார்த்தார். பாதி இருந்தது. நேற்று எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவனுக்குத்தானே பாதி ஒரு சேதி. தரையில் குனிந்து தேடினார், குனிந்தால் தலை கிறுகிறுக்கும் என்பதால் ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு. வாசல் நிலைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கல் கிடந்தது. எடுத்து நாக்கில் வைத்தார், தரையில் கிடப்பதை ருசி பார்க்கப் பேச்சி ஒன்றும் தடை போடவில்லை. உப்பு. நல்ல உப்பு. ஒரு நிமிசம் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி சந்தோசமாக இருந்தது, கையோடுதான் இறங்கியிருக்கிறேன், சிந்தியிருக்கிறது. அப்புறம் முந்தாநாள் நெல்லிக்காய்க்குத் தொட்டுக்கொள்ள உப்பை உள்ளங்கையில் வைத்தபடி இதே வாசலில் நின்று ஊர்வலம் பார்த்தது ஞாபகம் வந்து அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தது. அல்லது அதற்கு முந்தின நாளா. ஒரு காலத்தில், சேத்தூரில் ஏறினவன் யார், சிவகிரியில் ஏறினவள் யார், புளியங்குடியில் இடுப்புப் பிள்ளையோடு ஏறினவள் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு முகத்தை மறைத்தாலும் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வண்டியில் எண்பது தலை நின்றாலும் டிக்கெட் எடுத்த ஒரு தலையை மறுபடியும் கேட்க மாட்டார், "இவரு எடுத்துட்டாரு, இவரு எடுத்துட்டாரு, தாயி நீ எடு" என்று இடித்துக்கொண்டே போவார். டிரைவர் செல்லச்சாமி சொல்வான், யோவ் உனக்கு மண்டைக்குள்ள என்ன ரிஜிஸ்டரா இருக்கு என்று. கடைசி வருசம் ஒரு நாள் வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு பெரியவரிடம் டிக்கெட் கேட்டு, அவர் காட்டி, ரெண்டு சீட் தள்ளிப் போய்த் திரும்பி வந்து அவரிடமே மறுபடியும் கேட்டது. பெரியவர் மறுபடியும் எடுத்துக் காட்டினார். அதைச் செல்லச்சாமியிடமும் சொல்லவில்லை, பேச்சியிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டதோ. இது என்றால் எது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, டீச்சர் ஒரு தடவை சொன்னாள், அந்தப் பெயரும் மறந்துபோனதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

படியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினார். உப்பு இல்லை, ஆனால் காலையில் டீச்சர் படியைக் கூட்டியிருந்தாள். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "டீச்சரம்மா, காலைல மோட்டார் போட வந்தேன்ல, அப்ப என் கையில என்ன இருந்துச்சு?" "கையில என்ன அண்ணாச்சி இருக்கும், விரலு இருந்துச்சு." "விளையாடாதீக. கை மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?" டீச்சர் கீரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், அப்படி அவள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, பரீட்சைப் பேப்பரைப் பார்க்கிற பார்வை. "நான் கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். சத்தந்தான் கேட்டுச்சு. மோட்டாரு போட்டீக. அப்புறம் குழாயத் திறந்தீக." "குழாயா?" "ஆமா, இந்தக் குழாய. கை கழுவுன மாதிரி கேட்டுச்சு. ஏன், என்ன தொலைச்சீக?" குழாய். அது அவர் மண்டையில் எந்த இடத்திலும் இல்லை. "சோறு பன்னெண்டுக்கு வடிச்சுருவேன், சந்தனம் வந்ததும் குரல் குடுங்க. உப்பு கிப்பு கூடிறாமப் பாத்துக்கோங்க, எனக்கும் ஒரு கிண்ணம் குடுப்பீகள்ல, எனக்கு பிரஷரு இருக்கு" என்றாள். உப்பு என்ற சொல்லை அவளாகச் சொன்னதும் அவருக்குத் திக்கென்றது. இவளை மேலே கூட்டிப்போய் ஒரு சொட்டு ருசி பார்க்கச் சொன்னால் என்ன, அவளுக்கு வேற சாமி, படைப்புக் கட்டுப்பாடு அவளைக் கட்டாதே. ஆனால் கட்டுப்பாடு நாக்குக்கு இல்லை, குழம்புக்கு. செத்தவளுக்கு முந்தி எந்த வாயும் படக் கூடாது. "பாத்துக்கிடுறேன் டீச்சரம்மா" என்று ஏறினார். பாதிப் படியில் நின்றார். கை கழுவினால் என்ன அர்த்தம். உப்பு பிசுபிசுத்ததால் கழுவினேனா. கறி வாடைக்குக் கழுவினேனா. உப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டேனா. கறி வாடைக்கு என்றால் மேலேயே குழாய் இருக்கிறதே.

மறுபடியும் முக்காலி. மூடியின் ஓரத்தில் இருந்து லேசாக ஆவி கசிந்து வாசம் வந்தது, நல்ல வாசம், எலும்பு வெந்து நெஞ்சுச் சாறு இறங்குகிற வாசம். வாசம் பிடிக்கலாமா. அம்மாவுக்கு வருசம் கும்பிட்ட அன்று அவர் சட்டிப் பக்கம் மூக்கை நீட்டியதற்கே பேச்சி கரண்டிக் காம்பால் கையில் ஒன்று வைத்தாள், "உங்கம்மாவுக்குத்தான் ஆக்குறேன், உங்களுக்கு ஆக்கல, தள்ளிப் போங்க" என்று. ருசி பார்க்காமல் எப்படி ஆக்கினாள். கண்ணளவு, கையளவு, என்ன மாயமோ, ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. அவள் கடைசி நாலு மாசம் உப்பில்லாமல் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது, வராமல் இருக்கட்டும் என்று இவ்வளவு நேரம் அதைச் சுற்றிச் சுற்றியே போய்க்கொண்டிருந்தார். நெஞ்சு வீங்கியிருக்கிறது, உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னார். கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஒரே ஒரு கல்லு போடுங்களேன், யாரு பாக்கப் போறா." அவர் போடவில்லை. ஒரு நாளும் போடவில்லை, அவ்வளவு கறாராக இருந்தார், நாலு மாசமும் ஒரு வேளை கூட மறந்துபோய்ப் போடவில்லை. அப்போது மறக்காத கை. இன்றைக்கு அவளுக்கு உப்பு போட்டு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்து, நினைத்து, நினைத்தே போட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டதோ. நினைத்ததும் செய்ததும் இப்போதெல்லாம் ஒரே நிறத்தில் இருக்கிறது. கரண்டியை எடுத்தார். மூடியின் குமிழைத் தொட்டார், சுட்டது. ஒரு சொட்டு. யார் பார்க்கப் போகிறார்கள். போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் சந்தனத்திடம் தைரியமாக நிற்கலாம், இல்லாவிட்டால் போட்டுக் கலக்கிவிடலாம், கூடியிருந்தால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, தெரிந்தால். அந்தச் சொட்டை எடுத்துவிட்டால் பேச்சி எச்சில் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும், முதல் வருசமே. கரண்டியும் கையுமாக நின்றபோது சட்டைப் பையில் போன் அடித்தது. "அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிட்டேன். எல்லாம் ஆச்சா?" "ஆச்சு தாயி." "பதட்டமில்லாம ஆக்குனீங்களா?" "என்ன பதட்டம், அது பாட்டுக்கு வெந்துக்கிட்டு இருக்கு." கரண்டியை மேடையில் வைத்தார். அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை. எடுக்காததற்குப் பேச்சி காரணமா, பயம் காரணமா, போனில் பேசியதில் எதற்காகக் கரண்டியைப் பிடித்தோம் என்பதே ஒரு நிமிசம் நழுவிப்போனது காரணமா, அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

சந்தனமாரி பன்னிரண்டரைக்கு வந்தாள், ஒரு கையில் வாழை இலை, இன்னொரு கையில் பெரிய சக்கரப் பெட்டி. படியில் இறங்கிப் போய் அவர் பெட்டியை வாங்கினார். தூக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்தவருக்குக் கை சட்டென்று மேலே வந்துவிட்டது, உள்ளே காற்றுதான் இருந்தது. காலிப் பெட்டி. பெட்டியைக் கூடத்தில் வைக்கும்போது ரெண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். முகம் கழுவிவிட்டு வந்து அவள் சமையல்கட்டில் நின்று மூடி வழியாக உள்ளே பார்த்தாள். "நல்லா வெந்திருக்கும் போலயே. உப்பு, உறைப்பெல்லாம் போட்டாச்சுல்லப்பா?" போட்டாச்சு என்ற சொல் காலையிலிருந்து நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. காலிப் பெட்டியைப் பார்த்தபின் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதோ என்னவோ. "தெரியலம்மா" என்றார். "என்ன தெரியல?" "உப்பு. போட்டேனா, போடலையா, ரெண்டு தடவ போட்டுட்டேனா. காலைலேருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், தெரியல." அவள் ஜாடியை எடுத்தாள், ஒரு கை அள்ளினாள், சட்டி மேல் கொண்டுபோனாள், கை அப்படியே நின்றது. அவளும் ருசி பார்க்க முடியாதே. "போட்டிருந்தா?" என்றாள். "அதான்" என்றார். "போடலைன்னா?" "அதுந்தான்." அப்பனும் மகளும் இப்போது ஒரே குழப்பத்தில். அவள் உப்பை ஜாடியிலேயே திரும்பப் போட்டாள்.

டீச்சர் வீட்டுச் சோறு வந்தது. இலை போட்டுப் பேச்சி படத்துக்கு முன்னால் சோறும் குழம்பும் வைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். அவர் மனசுக்குள், "ஏ பேச்சி, என்ன இருக்கோ அதைச் சாப்பிடு, நான் வேணும்னு செய்யல" என்றார். மொட்டைமாடியில் வைத்த பிடியைக் காக்கை எடுத்தது, அதற்கு உப்பு ஒரு பொருட்டில்லை. பிறகு எதிரும் புதிருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சந்தனம் முதல் வாயைப் போட்டாள். அவர் இலையைத் தொடாமல் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மென்றாள். விழுங்கினாள். "உப்பு இல்லப்பா" என்றாள். "கூடலையே?" "துளி கூட இல்ல." அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, எதற்கு என்று அவளுக்குப் புரிந்திருக்காது. மூன்று தவசிலிங்கத்தில் ரெண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தன்தான் மிச்சம், போடாதவன், அவனோடு இருந்துகொள்ளலாம். ஜாடியை எடுத்துப் போய் முதலில் படத்துக்கு முன்னால் இருந்த இலையில் நாலு கல் வைத்தார், அப்புறம் மகள் இலையில், அப்புறம் தன் இலையில். உட்கார்ந்து, உப்பைக் குழம்போடு பிசைந்துகொண்டே சொன்னார். "சந்தனம், இனிமே நான் சட்டியில உப்பே போடப் போறதில்ல. என்னைக்குமே. வெந்தப்புறம் தட்டுலதான் போட்டுக்கிடுவேன். போடவே போறதில்லைன்னு ஆயிட்டா, போட்டோமா போடலையான்னு நினைக்க என்ன இருக்கு? ஒருத்தனுக்குத்தான ஆக்குறேன்." அவள் பிசைவதை நிறுத்தினாள். "உப்பு மட்டுமாப்பா மறக்கும்?" "மத்ததுக்கும் இப்படி ஒவ்வொண்ணா ஏதாவது பாத்துக்கிடுவோம்." "மாத்திரை?" "அதையும் ஒரு தட்டுல வச்சுட்டாப் போச்சு." "அப்பா, சிரிக்காதீங்க, நான் நிஜமாக் கேக்குறேன்." "நானும் நிஜமாத்தான் தாயி சொல்றேன். அந்தப் பெட்டிக்குள்ள நான் புடிக்க மாட்டேன்." அவள் முகம் கோணியது, அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை, அவளுக்கும் பிடிபட்டிருக்காது. ஒரு எலும்பை எடுத்து வெகுநேரம் உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டு, "தீபாவளி வரைக்கும் பாப்போம்ப்பா" என்றாள். "டீச்சர்ட்ட தினமும் ஒரு தடவ முகத்தக் காட்டணும். தீபாவளிக்கு நான் வருவேன், அப்பப் பேசுவோம்."

சரி என்றார். தீபாவளி. இப்போது வைகாசி. குழம்பு ஒட்டிய விரல்களை இலைக்கு மேலேயே ஒவ்வொன்றாக மடக்கினார், ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஐந்து வந்தது. மறுபடியும் மடக்கிப் பார்த்தார், நாலு வந்தது. எங்கேயோ ஒரு மாசம் விட்டுப்போகிறது. அவளிடம் கேட்டிருக்கலாம், எதிரில்தான் இருந்தாள். கேட்கவில்லை. விரல்களை விரித்து, சோற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தார்.